வேலை சொல்லும் முன் வாய் திறந்து பேசுங்கள்



நாங்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் வீட்டிலிருந்தபடியே உழைக்கும் பெண் என்றால் அது தையல்காரப் பெண்தான். நோன்பு இருபது கழிந்துவிட்டால் அவளுடைய திண்ணையில் துணிப் பொதிகள் குவியும். கொண்டு வருபவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்தவர், சொந்தக்காரர். "நம்மட புள்ளதானே, பாத்துத் தச்சித் தாங்க" என்று சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள். கூலி எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை. சொல்ல அவளுக்கும் வெட்கம். பெருநாள் விடிந்த பிறகு யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது அவளுக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த கணக்கு.

இன்று அந்தத் திண்ணை வீட்டின் உள்ளறையில் ஒரு மேசையாக மாறியிருக்கிறது. மேசையில் ஒரு மடிக்கணினி. உயர்தரம் முடித்து, கணினிப் பாடநெறி ஒன்றும் படித்த பிள்ளை, எந்தக் கம்பனியிலும் சம்பளத்துக்கு நில்லாமல், கேட்பவருக்கெல்லாம் இணையத்தளம் வடிவமைத்துக் கொடுத்து உழைக்கிறாள். கேட்டு வருபவர்களும் புதியவர்கள் அல்லர். வீட்டில் கேக் செய்து விற்கும் சாச்சி, அபாயா தைக்கும் ராத்தா, உம்ராப் பயணம் ஒழுங்கு செய்யும் மாமா, பாலர் பாடசாலை நடத்தும் அயல்வீட்டு டீச்சர். ஆகவே இந்தக் கட்டுரையை வாசிக்கும் உங்களில் சிலர் வேலை சொல்பவர்கள். சிலர் வேலை செய்யும் பிள்ளையின் உம்மாமார். இரு தரப்பாரும் நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் வேலை சொல்லப் போகும்போது எப்படிப் போக வேண்டும் என்பதை, நான் பிழையாகப் போய்த்தான் கற்றுக் கொண்டேன். அதை மறைக்காமல் முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் சொன்ன வேலை

2021ஆம் ஆண்டின் கடைசியில், நான் ஓதிக் கொடுக்கும் மத்ரஸாவுக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று நிர்வாகத்தில் பேச்சு வந்தது. கொரோனாக் காலத்தில் பெற்றோர்களுக்கு ஒரு செய்தி சொல்லவும் வழியில்லாமல் தவித்த அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. ஷவ்வாலில் புதிய மாணவர்களைச் சேர்க்கும்போது விண்ணப்பத்தை அதிலேயே போடலாம், ரமழானில் உதவி செய்ய விரும்புவோருக்கும் வசதி என்றார்கள். பொறுப்பு என் தலையில் வந்தது. என்னிடம் ஓதிய ஒரு மாணவரின் தங்கை இந்த வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டு, அவர்களுடைய வீட்டுக்குப் போய் வாப்பாவின் முன்னிலையில் பேசினேன்.

நான் பேசிய பேச்சு இவ்வளவுதான்: "மகள், எங்கட மத்ரஸாக்கு நல்ல வெப்சைட் ஒண்டு செஞ்சி தாங்க. அல்லாஹ்ட பாதையில ஒரு வேல." அவள் தலையைக் குனிந்து கொண்டு, "இன்ஷா அல்லாஹ் ஹஸ்ரத்" என்றாள். கூலியைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அவளுடைய வாப்பா நோயாளி. வேலைக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடமாகியிருந்தது. அதை என் கண்ணால் பார்த்துக் கொண்டேதான் பிளேன்டீ குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிறகு நடந்ததைச் சொன்னால் உங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். அவள் முதல் வடிவத்தை அனுப்பினாள். தலைவர் பச்சை நிறம் போதாது என்றார். செயலாளர் பச்சை அதிகம் என்றார். ஒருவர் ஸ்தாபகரின் வரலாறு முதற்பக்கத்தில் வர வேண்டும் என்றார். இன்னொருவர், வெளிநாட்டிலிருக்கும் தன் மகன் பார்த்துவிட்டு அரபியிலும் வேண்டும் என்கிறான் என்றார். இத்தனையையும் நான் குரல் பதிவுகளாக, இஷாவுக்குப் பிறகு, படுக்கப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு அனுப்பிக் கொண்டிருந்தேன்.

2022 மார்ச் மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் வரும் நேரம் பார்த்து, நள்ளிரவிலும் எழும்பி அவள் வேலை செய்தாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. ரமழானுக்கு முன் தளம் முடிந்தது; அழகாகவும் இருந்தது. அத்தோடு ஒரு சிறு கணக்கை அனுப்பினாள். தன் உழைப்புக்கு அதில் ஒரு சதமும் போடவில்லை. இணையத்தில் இடம் வாடகைக்கு எடுத்த செலவு மட்டும். அது டொலரில் செலுத்துவது. அவள் வேலையைத் தொடங்கும்போது ஒரு டொலர் சுமார் 200 ரூபா. வருடம் பாதி ஆகுமுன் 350 ரூபாவைத் தாண்டிவிட்டது.

நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார்: "கூலி பேசினதா? பேசல்லயே. பொறகு என்னத்துக்குக் கணக்கு?" நான் வாய் மூடி இருந்தேன். அதற்குப் பிறகு அவள் என் அழைப்புக்குப் பதில் சொல்வதை நிறுத்தினாள். நான் அவளைப் 'பொறுப்பில்லாத பிள்ளை' என்றும் ஓரிடத்தில் சொல்லிவிட்டேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

மத்யனில் ஒரு பெண் பேசிய முறை

ஸூரத்துல் கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்த வரலாற்றை நீங்கள் எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். தண்ணீர்த் துறையில் ஒதுங்கி நின்ற இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் தண்ணீர் காட்டிவிட்டு நிழலில் போய் அமர்ந்தார்கள். பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி அவர்களிடம் வருகிறாள். அவள் வெட்கத்தோடு நடந்து வந்தாள் என்று குர்ஆனே சொல்கிறது. இந்த வெட்கத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவள் வாய் திறந்து என்ன சொன்னாள் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். என் வாப்பா உங்களை அழைக்கிறார் என்றாள். எதற்கு என்பதையும் அதே வாக்கியத்தில் சொன்னாள்: எங்களுக்காகத் தண்ணீர் காட்டியதற்குரிய கூலியைத் தருவதற்கு.

பார்த்தீர்களா! ஹயா உள்ள ஒரு பெண்ணின் முதல் வாக்கியத்திலேயே கூலி என்ற சொல் வந்துவிட்டது. அவரோ கூலியை எதிர்பார்த்து அதைச் செய்யவில்லை. அடுத்து, வாப்பாவே, இவரைக் கூலிக்கு அமர்த்திக் கொள்ளுங்கள் என்று ஆலோசனை சொன்னதும் அந்த இருவரில் ஒரு பெண்தான். பலமும் நம்பிக்கையும் உள்ளவர் என்று அவள் காரணமும் சொன்னாள். வேலைக்கு ஆள் தேடும்போது பார்க்க வேண்டிய இரண்டு விடயங்கள் அவை: செய்யும் திறமை இருக்கிறதா? அமானிதம் பேணுபவரா? இணையத்தளம் செய்பவரையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். முன்பு செய்த தளங்கள் இரண்டு மூன்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தளங்களின் சொந்தக்காரர் ஒருவரிடம், சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு வாப்பா பேசிய பேச்சையும் கவனியுங்கள். எட்டு வருட வேலை. பத்தாக நிறைவு செய்தால் அது உம்முடைய விருப்பம். உம்மைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை. எவ்வளவு கட்டாயம், எவ்வளவு விருப்பத்தின் பேரில் என்பதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். அதற்கு மூஸா (அலை) அவர்களும், இரண்டில் எதை நிறைவேற்றினாலும் என்மீது அதிகப்படி சுமத்தக் கூடாது என்று உறுதி பெற்று, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள். இரு தரப்பும் நல்லவர்கள். இருந்தும் பேச வேண்டியதைப் பேசினார்கள். நாமோ நல்லவர்கள் என்ற காரணத்தைக் காட்டியே பேசாமல் விடுகிறோம்.

எதற்கு என்று சொல்லுங்கள்

"ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு?" என்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்கு வரும் முதற் கேள்வி. ஒரு மேசனிடம் போய், "ஒரு வீடு கட்ட எவ்வளவு?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? எத்தனை அறை, எத்தனை மாடி, காணி எங்கே என்று திருப்பிக் கேட்பார். ஆகவே விலைக்கு முன், எதற்கு என்பதைச் சொல்லுங்கள்.

மஸ்ஜிதுந் நபவியின் மிம்பர் செய்யப்பட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு பெண்ணிடம் ஆளனுப்பி, தச்சு வேலை தெரிந்த அவளுடைய பணியாளரைக் கொண்டு மரத்தால் ஒன்று செய்து தரச் சொன்னார்கள். எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? மக்களிடம் பேசும்போது நான் அமர்ந்து கொள்வதற்கு என்றார்கள். அந்தச் சொல்லில் பொருள் இருக்கிறது, பயன் இருக்கிறது. எந்த மரம், எப்படி இணைப்பது என்பது தச்சருடைய வேலை. அவர் காட்டிலிருந்து தர்பா மரத்தை எடுத்துச் செய்து முடித்தார். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். எதற்கு என்பதைச் சொல்லாமல், "அந்தப் பட்டனைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள்" என்று தச்சருக்குத் தச்சு படிப்பிக்கிறோம்!

நீங்கள் அபாயா தைத்து விற்பவரானால் இப்படி யோசியுங்கள். தளத்துக்கு யார் வரப் போகிறார்கள்? உள்ளூர்ப் பெண்களா, கட்டாரில் இருக்கும் கணவர் மனைவிக்கு வாங்கிக் கொடுக்கப் பார்ப்பாரா? வந்தவர் என்ன செய்ய வேண்டும்? பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தால் போதுமா, அங்கேயே காசு கட்டி ஓடர் செய்ய வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்கான பதிலே வேலையை மூன்று மடங்காக்கும் அல்லது மூன்றில் ஒன்றாக்கும். அட்டை மூலம் காசு பெறுவதென்றால் வங்கியோடு தனி ஒழுங்குகள் வேண்டும். வெறும் படமும் விலையும் காட்டுவதென்றால் சில நாள் வேலை.

செலவு என்பது ஒன்றல்ல என்பதையும் தெரிந்து கொள்ளுங்கள். முதலாவது டொமைன் எனப்படும் பெயர். கடையின் பெயர்ப்பலகை போல. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். நம் நாட்டுக்குரிய 'டொட் எல்.கே' பெயர்களை எல்.கே. டொமைன் பதிவகம் கொடுக்கிறது. 2010 முதல் தமிழிலேயே 'டொட் இலங்கை' என்று முடியும் பெயரும் உண்டு. இரண்டாவது ஹோஸ்டிங், அதாவது கடை நிற்கும் காணியின் வாடகை. இதுவும் வருடத்துக்கோ மாதத்துக்கோ. பெரும்பாலும் டொலரில் கட்டுவதால் நாணயம் ஆடினால் இதுவும் ஆடும். மூன்றாவதுதான் அந்தப் பிள்ளையின் உழைப்பு. நான்காவது, முடித்த பிறகு விலை மாற்றுவது, படம் சேர்ப்பது போன்ற பராமரிப்பு. முதல் இரண்டும் அவளுடைய பைக்குப் போகும் காசல்ல. இதை விளங்காமல், "போன வருஷம் காசி தந்தமே, மறுகாவும் என்ன?" என்று கேட்பவர்கள் அதிகம்.

உங்களால் எவ்வளவு முடியும் என்பதையும் மறைக்காதீர்கள். சொன்னால் அந்த அளவுக்கு விலையை ஏற்றி விடுவார் என்ற பயம் நமக்கு. பலமும் நம்பிக்கையும் பார்த்துத்தானே ஆளைத் தேர்ந்தெடுத்தீர்கள்! தொகை தெரிந்தால், "இதற்குள் இதைச் செய்யலாம், மற்றதை அடுத்த வருடம் பார்ப்போம்" என்று வழி சொல்வார். துணிக் கடையில் நாம் சொல்வதில்லையா, இந்த விலைக்குள் காட்டுங்கள் என்று?

இன்னொன்று. "முதல்ல ஒரு மாதிரி செஞ்சி காட்டுங்க, பிடிச்சா வேல தாறம்" என்று மூன்று பிள்ளைகளிடம் சொல்லி, மூன்று மாதிரிகளையும் வாங்கி, அவற்றைக் காட்டி நான்காமவரிடம் மலிவாகச் செய்து கொள்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் தொழுகை விடாதவர்களும் உண்டு. நாலு சட்டையைத் தைப்பித்து ஒன்றுக்கு மட்டும் கூலி கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பழைய வேலைகளைப் பாருங்கள். போதாதென்றால், மாதிரிக்கும் ஒரு தொகை பேசிக் கொடுங்கள்.

உங்கள் பக்கத்து வேலை

வேலையைச் சொல்லிவிட்டால் நம் பங்கு முடிந்தது என்று நினைக்கிறோம். துணி கொடுக்காமல் தையற்காரி எதைத் தைப்பாள்? தளத்தில் வர வேண்டிய எழுத்தும் படமும் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். எங்களுடைய தளம் இரண்டு மாதம் தாமதமானதற்குக் காரணம் அந்தப் பிள்ளை என்று நிர்வாகம் நினைத்தது. உண்மையில் பாடத்திட்டத்தை எழுதித் தருகிறேன் என்று சொன்ன நான்தான் இழுத்தடித்தேன்.

கடைசியாக நான் கொடுத்ததும் ஒரு கொடுமை. மத்ரஸாவின் மலருக்காக முன்னர் தட்டச்சு செய்து வைத்திருந்த பக்கங்களை அப்படியே அனுப்பிவிட்டேன். அவை பாமினி எழுத்துருவில் இருந்தவை. நம் நாட்டில் பழைய அச்சு வேலைகள் பல அந்த எழுத்தில்தான். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் கூட்டம். அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கைத்தொலைபேசியிலோ திறந்தால் வாசிக்க முடியாத குப்பை. இணையத்துக்கு யூனிகோட் தமிழ் வேண்டும். மாற்றுவதற்குக் கருவிகள் உண்டென்றாலும் மாற்றிய பின் வரிவரியாகப் பிழை பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை நாற்பது பக்கத்தையும் பார்த்துத் திருத்தியிருக்கிறாள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. ஆகவே உங்களிடம் எழுத்து எந்த வடிவில் இருக்கிறது என்பதை ஆரம்பத்திலேயே காட்டிவிடுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு யாருடைய பொறுப்பு என்பதையும் பேசுங்கள். வடிவமைப்பவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர்.

படங்களும் அப்படியே. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கித் தெளிவு குறைந்து போகும். ஆவணமாக அனுப்பினால் குறையாது. கூகுளில் தேடி எடுத்த பிறருடைய கேக் படத்தைப் போடச் சொல்லாதீர்கள். அது பிறர் உழைப்பு. உங்கள் கேக் அப்படி இருக்காவிட்டால் வாங்குபவரை ஏமாற்றியதாகவும் ஆகும். பிள்ளை மறுத்தால் கோபிக்காதீர்கள். பெண்களின் படத்தையோ இசையையோ சேர்க்க அவள் தயங்கினாலும் அப்படித்தான்.

வீட்டில் மஷூரா செய்யுங்கள், நன்மையான காரியம். ஆனால் மஷூராவை முடித்துக் கொண்டு, ஒரே ஒருவர் மட்டும் வடிவமைப்பவருடன் பேசுங்கள். கணவர் ஒரு நிறம், மாமி ஒரு நிறம், மைத்துனர் ஒரு நிறம் சொன்னால் அவள் எதைப் பூசுவாள்?

தையற்காரரின் வழக்கு

இனி, என் கண்ணைத் திறந்த இடத்துக்கு வருகிறேன். அந்த வருடம் ஷவ்வாலுக்குப் பிறகு, மேல் வகுப்புக்கு இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கிதாபில் இஜாரா பாடத்தை நடத்திக் கொண்டிருந்தேன். அதில் ஒரு மஸ்அலா. ஒருவர் தையற்காரரிடம் துணியைக் கொடுக்கிறார். அவர் அதைக் கபா எனப்படும் மேலங்கியாக வெட்டிவிடுகிறார். துணிக்காரர், நான் கமீஸ் அல்லவா வெட்டச் சொன்னேன் என்கிறார். தையற்காரர், இல்லை, கபா என்றுதான் சொன்னீர்கள் என்கிறார். எழுத்தில்லை, சாட்சியில்லை. யாருடைய சொல் ஏற்கப்படும்? மிக வெளிப்படையான கருத்தின்படி துணிக்காரர் சத்தியம் செய்தால் அவருடைய சொல்லே ஏற்கப்படும். தையற்காரருக்குக் கூலி இல்லை. அது மட்டுமல்ல, வெட்டியதால் துணிக்கு ஏற்பட்ட மதிப்புக் குறைவையும் அவரே கொடுக்க வேண்டும்.

அதற்கு முன்னரே இன்னொரு மஸ்அலா வருகிறது. கூலியைக் குறிப்பிடாமல் துணியைக் கொடுத்து, அவரும் தைத்துவிட்டால்? பலமான கருத்தின்படி கூலி இல்லை. கூலி உண்டு என்றொரு கருத்தும், கூலிக்குச் செய்பவர் என்று அறியப்பட்டவரானால் உண்டு என்றொரு கருத்தும் இருக்கின்றன. இந்தக் கடைசிக் கருத்தைச் சிலர் நல்லதாகக் கண்டிருக்கிறார்கள் என்றும் இமாமவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இவ்வளவு காலமும் எத்தனை தடவை இதை ஓதிக் கொடுத்திருப்பேன்! அன்று கிதாபைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. நிர்வாகத்தில் அந்த மனிதர் சொன்னது பலமான கருத்தைத்தான். சட்டம் எங்கள் பக்கம். ஆனால் பேசாமல் விட்டது யார்? வயதில் மூத்தவன், ஹஸ்ரத் என்று அழைக்கப்படுபவன், அவளுடைய நானாவுக்கு ஓதிக் கொடுத்தவன், பேச வேண்டிய இடத்தில் பேசாமல் விட்டேன். அவள் கேட்காமல் விட்டதற்குக் காரணமே நான் அங்கே அமர்ந்திருந்த இருப்பு. பேசாததன் நட்டம் எப்போதும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும் என்று அந்த இரண்டு மஸ்அலாக்களும் எனக்குச் சொல்லித் தந்தன. வேலையை முழுமையாக வாங்கிக் கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிரியாவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் குத்ஸியும் புகாரியில் இருக்கிறதே! கூலி பேசவில்லை என்ற சட்டம் அங்கே எனக்கு உதவுமா?

இதனால்தான் சொல்கிறேன், எழுதுங்கள். குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எது? ஸூரத்துல் பகராவின் 282ஆவது ஆயத்து. தவணைக் கடனை எழுதிக் கொள்ளுங்கள், சிறிதோ பெரிதோ எழுதச் சலிக்காதீர்கள் என்பது அதன் பொருள். பிறகு தருவதாக ஒத்துக்கொண்ட கூலியும் கடன்தானே. பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. எத்தனை பக்கம், எந்த மொழி, யார் எழுத்துத் தருவது, எப்போது முடிப்பது, எத்தனை தடவை இலவசமாகத் திருத்துவது, அதற்கு மேல் எவ்வளவு, மொத்தக் கூலி எவ்வளவு, எப்போது எப்போது கொடுப்பது. ஒரு தாளில் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் எழுதி, மற்றவர் 'சரி' என்று பதில் போட்டாலும் எழுத்துத்தான். இலத்திரனியல் வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் உடன்படிக்கையைத் தள்ளிவிட முடியாது என்பதை நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டமும் ஏற்றிருக்கிறது. குரல் பதிவில் வேலை சொல்லாதீர்கள். பத்து நிமிடக் குரல் பதிவில் நீங்கள் சொன்ன ஒரு திருத்தத்தை அவள் மூன்று முறை கேட்டுத் தேட வேண்டும். எழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. அந்நிய ஆண்களோடு நேரங்காலம் இல்லாமல் தொலைபேசியில் பேச விரும்பாத பிள்ளைகளுக்கு அது பெரிய நிம்மதி.

முற்பணம் கேட்டால், "எங்கள நம்பல்லயா?" என்று முகம் சுளிக்காதீர்கள். இன்ன வேலையை முடித்துத் தருவதாக ஒருவர் பொறுப்பேற்கும் கூலி ஒப்பந்தத்தில், பேசிய அதே மஜ்லிஸில் முழுக் கூலியும் கொடுக்கப்பட வேண்டும் என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் நிபந்தனை. ஒரு பகுதியைக் கேட்கும் பிள்ளை உண்மையில் குறைவாகத்தான் கேட்கிறாள்! அதேபோல, செய்து முடித்தால் இன்னது தருகிறேன் என்று பேசிய வேலையை, அவள் தொடங்கிய பின் நீங்களே நிறுத்திவிட்டால், செய்த அளவுக்கு வழக்கமான கூலி கொடுக்க வேண்டும் என்று ஜுஆலாப் பாடத்தில் வருகிறது. "எங்களுக்கு இனி வேணாம்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு மறைந்துவிட வழியில்லை.

உங்களுக்குரிய உரிமையையும் விட்டுவிடாதீர்கள். டொமைன் பெயர் உங்கள் பெயரில் பதியப்பட்டிருக்க வேண்டும். கடவுச்சொற்களை எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பிள்ளை நாளை திருமணமாகி வேறூருக்குப் போகலாம், தொழிலை விடலாம். அப்போது உங்கள் கடையின் சாவி பிறர் கையில் இருக்கக் கூடாது. இதைக் கேட்பது சந்தேகப்படுவதாகாது. அமானிதம் பேணும் பிள்ளை கேட்காமலேயே தருவாள்.

எங்களுடைய கணக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இத்தொழில் தெரிந்த இருவரிடம், இந்த அளவு வேலைக்கு வழக்கமான கூலி என்ன என்று விசாரித்தேன். நிர்வாகம் ஒரு பகுதியை ஒத்துக்கொண்டது. மீதி பேசியவனின் பொறுப்பு என்று நான் ஏற்றேன். விலைவாசி ஏறியிருந்த அந்தக் காலத்தில் ஒரு மௌலவியின் சம்பளத்தில் அது இலகுவாக இருக்கவில்லை. மூன்று தவணையாக, 2023இல்தான் முடிந்தது. முதல் தவணையைக் கொடுக்க என் மனைவியையும் அழைத்துக் கொண்டு போனேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவர், "ஹஸ்ரத், அப்பிடிச் சொல்லாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் கொண்டார். பிள்ளை உள்ளே இருந்து வரவில்லை. பிளேன்டீ மட்டும் வந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு என் மனைவியின் சாச்சி மகள், கேக் வியாபாரத்துக்கு ஒரு தளம் வேண்டும், நல்ல ஆள் சொல்லுங்கள் என்று கேட்டாள். அந்தப் பிள்ளையின் இலக்கத்தைக் கொடுத்து, அழைக்காமல் எழுதச் சொன்னேன். நானும் மனைவியும் பக்கத்தில் இருக்க அவள் எழுதியது இது:

"அஸ்ஸலாமு அலைக்கும் தங்கச்சி. நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பி அலுத்துவிட்டது. கேக் வகைகளையும் விலைகளையும் ஓரிடத்தில் காட்டி, பார்ப்பவர் நேராக எனக்கு வாட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பும் விதமாகச் சிறிய தளம் ஒன்று வேண்டும். அங்கேயே காசு கட்டும் வசதி தேவையில்லை. தமிழும் ஆங்கிலமும் போதும். இரண்டையும் நானே யூனிகோடில் எழுதித் தருவேன். படம் இருபது இருக்கிறது, எல்லாம் நான் எடுத்தவை. டொமைன், ஹோஸ்டிங் உட்பட 60,000 ரூபா வரை என்னால் முடியும். அரைவாசியை முன்பே தருவேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கிடைத்தால் நல்லது. முடியாவிட்டால், எது முடியும் என்று சொல்லுங்கள். என்னோடு மட்டும் பேசினால் போதும்."

ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது. இந்தத் தொகைக்குள் செய்யலாம், பெருநாளுக்குப் பத்து நாள் முன்பே தரலாம் என்று எழுதிவிட்டு, ஒரு கேள்வியும் கேட்டிருந்தாள். மா, சீனி, முட்டை விலை ஏறும்போது கேக்கின் விலையை நீங்களே தளத்தில் மாற்றும் விதமாகச் செய்வதா, அல்லது ஒவ்வொரு தடவையும் நான் மாற்றித் தர வேண்டுமா? நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். அதை எங்களில் ஒருவரும் யோசித்திருக்கவில்லை.